சாமம் என்றால் எத்தனை மணி?

அம்பைக்காரன் எழுதியது:

ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். வேலை கோயம்புத்தூரில். போன வாரம் ஊருக்குக் கிளம்பும் முன்னால் அம்மாவிடம் போனில் பேசினேன். பஸ் மூணு மணிக்கு அம்பை வந்துவிடும் என்றேன். "சாமத்துல வந்து எறங்கி நாய்க்கிட்ட கடி வாங்கவா? வெள்ளன வார மாதிரி ஒரு பஸ்ஸப் பாரு"ன்னு அம்மா சத்தம் போட்டாள்.

பக்கத்தில் இருந்த மகள், மூணாங்கிளாஸ் படிக்கிறாள், "சாமம்னா எத்தனை மணிப்பா?" என்று கேட்டாள். பன்னிரண்டு மணி என்றேன். "நீங்க மூணு மணின்னு சொன்னதுக்குத்தானே ஆச்சி சாமம்னு சொன்னாங்க?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. முப்பது வருசமாக வாயில் புழங்குகிற சொல், அதற்கு ஒரு அர்த்தம் சொல்ல முடியவில்லை என்பது மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அதே மூணு மணியைப் பேப்பரில் அதிகாலை என்று போடுகிறார்கள். டிக்கெட்டில் 03:00. அம்மாவுக்கு சாமம். உங்கள் வீடுகளில், உங்கள் ஊர்ப்பக்கத்தில் இந்தச் சொல்லை எப்படிச் சொல்லுகிறீர்கள்? புத்தக அர்த்தமும் வேண்டும், வீட்டில் பேசுகிறதும் வேண்டும்.

---

பாளை தமிழாசிரியை எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். ஏழரை நாழிகை சேர்ந்தால் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். பகலுக்கு நாலு, இரவுக்கு நாலு. சூரியன் ஆறு மணிக்கு அடைகிறது என்று வைத்துக்கொண்டால் ஒன்பது வரை முதல் சாமம், பன்னிரண்டு வரை இரண்டாம் சாமம், மூன்று வரை மூன்றாம் சாமம், விடிகிற வரை நாலாம் சாமம். உங்கள் பஸ் மூன்றாம் சாமம் முடிந்து நாலாம் சாமம் பிறக்கிற நேரத்தில் வருகிறது. அம்மா சொன்னது சரி.

ஆனால் இந்தக் கணக்குப்படி பார்த்தால் இரவு ஏழு மணியும் சாமம்தான். ஏழு மணியை யாராவது சாமம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. அதனால் கணக்கு மட்டும் போதாது.

பழைய சொல் யாமம். தொல்காப்பியத்தில் ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரிப்பார்கள். ஒவ்வொன்றும் பத்து நாழிகை, நாலு மணி நேரம். அங்கே மாலை முடிந்து யாமம் இரவு பத்துக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடியும். இரண்டிலிருந்து ஆறு வரை வைகறை. ஆகவே மூணு மணியை அதிகாலை என்று எழுதுகிற பேப்பர்க்காரர்களையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. யாமத்தைக் குறிஞ்சிக்கு உரிய பொழுதாக வைத்ததும் கவனிக்க வேண்டியது. ஊர் தூங்கின பிறகு, பாம்பும் யானையும் உள்ள மலைவழியில் தலைவன் தனியே வருகிறான். அந்தப் பயம்தான் அந்தப் பொழுது.

குறுந்தொகையில் ஒரு பாட்டு "நள்ளென்றன்றே யாமம்" என்று தொடங்கும். எல்லாரும் தூங்கிவிட்டார்கள், நான் ஒருத்திதான் விழித்திருக்கிறேன் என்கிறாள் தலைவி. அதில் மணிக் கணக்கே கிடையாது. உலகம் தூங்குகிறது, அது யாமம்.

யாமம் எப்படிச் சாமம் ஆனது என்றால், வடமொழியில் 'யாம' என்று இருப்பது பிராகிருதத்தில் 'ஜாம' ஆகும். சொல்லின் முதலில் வருகிற யகரம் அங்கே ஜகரமாக மாறிவிடும். யமுனை வடக்கே ஜமுனா ஆனதும் அப்படித்தான். அந்த ஜாமம் நம் வாயில் சாமம். யாமம் தமிழ்ச் சொல்லே என்று சொல்லுகிறவர்களும் உண்டு. அந்த வழக்கை இங்கே இழுத்தால் கேள்வி காணாமல் போய்விடும், விட்டுவிடுகிறேன்.

---

நாங்குநேரி எழுதியது:

எங்கள் வீட்டில் ஒன்பதரை தாண்டிவிட்டால் சாமம்தான். "சாமத்துல தல சீவாத", "சாமத்துல நகம் வெட்டாத", "சாமத்துல விசிலடிக்காத". பத்து மணிக்குப் போன் வந்தால் "எவம்லே சாமத்துல"ன்னு அப்பா எடுப்பார். மூணு மணி வரைக்கும் போக வேண்டியதே இல்லை.

---

மருதூர் கீழக்கால் எழுதியது:

டீச்சர் சொன்ன கணக்கு எங்கள் பெரியப்பாவுக்குத் தெரியாது. ஆனால் கடிகாரமே இல்லாமல் சாமம் சொல்லுவார்.

எங்கள் வயல் கால்வாயின் கடைப்பகுதி. மழை பொய்த்த வருசங்களில் பிசான நெல்சாகுபடிக்குக் கார்த்திகையிலேயே முறைத் தண்ணீர் வைத்துவிடுவார்கள். இன்னாருக்கு முன்சாமம், இன்னாருக்கு நடுச்சாமம், இன்னாருக்குப் பின்சாமம் என்று பேச்சு. மணி பார்த்து மடை மாற்றுகிற வழக்கம் அவர்கள் காலத்தில் கிடையாது. ஆறாமீனைத்தான் பார்ப்பார்கள். கார்த்திகை நட்சத்திரம் என்று பஞ்சாங்கத்தில் போடுகிற அதே கூட்டம்தான். கார்த்திகை மாசத்தில் அது உச்சிக்கு வந்தால் நடுச்சாமம். பெரியப்பா வரப்பில் மல்லாந்து படுத்துக்கொண்டு, நேர் மேலே வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். மாசத்துக்கு ரெண்டு மணி நேரம் அது முந்திக்கொண்டே வரும். மார்கழி நடுவில் ஒன்பதரை மணிக்கே உச்சியில் நிற்கும். தையில் அதைப் பார்க்க வேண்டிய இடம் மேற்கு. பொதிகைப் பக்கம் அது இறங்கி மறைந்தால் பின்சாமத்துக்காரர் மண்வெட்டியைத் தூக்கலாம்.

எனக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும்போது ஒரு ராத்திரி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கையில் ஒரு அரிக்கேன் விளக்கு. எங்களுக்கு முந்தின வயல்காரர் வாய்க்காலைக் களிமண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்திருந்தார். பெரியப்பா மேலே பார்த்தார். பிறகு ஒண்ணும் சொல்லாமல் அந்த அடைப்பை ரெண்டு வெட்டில் உடைத்துவிட்டார். தண்ணீர் உடனே வரவில்லை. முதலில் ஒரு சத்தம் மட்டும் வந்தது. காய்ந்து வெடித்துக் கிடந்த மண்ணின் வெடிப்புக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம், வெத்தலை மெல்லுகிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு தவளை கத்தியது. அப்புறம் எல்லாத் தவளையும். "போதும்லே, வந்துட்டு"ன்னு சொல்லிவிட்டுப் பீடியைப் பற்றவைத்தார்.

முந்தின வயல்காரர் மறுநாள் சண்டைக்கு வரவில்லை. ஆறாமீன் உச்சிக்கு வந்ததை அவரும் பார்த்திருப்பார் இல்லையா.

பிற்பாடு கிணற்றுப் பாசனக்காரர்களுக்கு மும்முனை மின்சாரம் ராத்திரியில் வந்தது. அதற்காகவே சாமத்தில் எழுந்து மோட்டார் போடப் போனார்கள். வானத்தை யாரும் பார்ப்பதில்லை. செல்போனில் அலாரம்.

---

அம்பைக்காரன் எழுதியது:

அண்ணாச்சி, இதைப் படித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். இங்கே வெளிச்சத்தில் ஆறில் மூணுதான் தெரிகிறது. மகளிடம் காட்டினேன்.

---

ராதாபுரம் சீமை எழுதியது:

சாமம் என்றால் எங்கள் பக்கத்துக்காரனுக்கு முதலில் ஞாபகம் வருவது கொடை என்கிற கோயில் திருவிழாதான். சுடலைமாடன் கோயில் கொடைக்கு நோட்டீஸ் அடித்தால் முதல் நாள் குடியழைப்பு, மறுநாள் மதியக்கொடை, ராத்திரி சாமக்கொடை. மதியக்கொடைக்குப் பிள்ளைகுட்டி எல்லாம் நிற்கும். சாமக்கொடை வேறு. வில்லுப்பாட்டோ கணியான் கூத்தோ முன்ராத்திரியிலிருந்து நடந்துகொண்டிருக்கும். பன்னிரண்டு மணி நெருங்க நெருங்க மகுடம் என்கிற மேளத்தின் அடி மாறும். அந்த அடி மாறுவதைக் கேட்டே, பாயில் படுத்துக் கிடக்கிற கிழவிகூட எழுந்து உட்கார்ந்துவிடுவாள். சாமி வந்து ஆடுகிறவர் தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவார். அவர் போகிற தெருவில் விளக்கை அணைத்துவிடுவோம். எதிரே ஆள் வரக்கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்போம். சலங்கைச் சத்தம் வாசலைத் தாண்டிப் போகும், அம்மா என் தலையைத் தன் மடியில் அமுக்கிக்கொள்வாள்.

அவர் திரும்பி வருகிற வரைக்கும் சாமம். மணி ஒண்ணா ஒண்ணரையா என்று எவரும் பார்க்க மாட்டார்கள்.

---

நாங்குநேரி எழுதியது:

எங்கள் தெருவில் சாமக்கோடாங்கி வருவார். சாமத்தில் குடுகுடுப்பைச் சத்தம் மட்டும் கேட்கும், ஜக்கம்மா பேர் சொல்லி வாசல் வாசலாக எதையோ சொல்லிக்கொண்டு போவார். யாரும் கதவைத் திறக்கக் கூடாது. விடிந்த பிறகு அதே ஆள் அரிசிக்கும் பழைய துணிக்கும் வந்து நிற்பார். ராத்திரி பயந்த பயம் எல்லாம் போய், ஒரு மனுசராகத் தெரிவார். அவர் பெயரிலேயே சாமம் இருக்கிறது என்பது இந்த இழையைப் படித்த பிறகுதான் உறைக்கிறது.

---

டவுன் ரதவீதி எழுதியது:

ஒரு சந்தேகம். நெல்லையப்பர் கோயிலில் அர்த்தசாமப் பூசை ஒன்பது மணி வாக்கில் முடிந்து நடை சாத்திவிடுகிறார்கள். அர்த்தம் என்றால் பாதி. பாதி ராத்திரி பன்னிரண்டுதானே? பிறகு ஏன் அதற்கு அர்த்தசாமம் என்று பெயர்?

---

பாளை தமிழாசிரியை எழுதியது:

அர்த்தராத்திரி என்று நாம் பேச்சில் சொல்லுவது நடு இரவை. கோயிலில் அர்த்தசாமம் என்பது அன்றைய கடைசிப் பூசையின் பெயராக நிலைத்துவிட்டது. சாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்தபின் கோயிலுக்கு அன்றைய பொழுது முடிந்தது. அது மணிக்கான பெயர் என்பதைவிட, ஒரு நாளை மூடி வைப்பதற்கான பெயர் என்றே எனக்குப் படுகிறது.

ஆனால் நாலு சாமமும் அப்படியே உயிரோடு இருக்கிற ஒரு ராத்திரி உண்டு. சிவராத்திரி. அன்றைக்கு இரவு முழுக்க நாலு காலப் பூசை, ஒவ்வொரு சாமத்துக்கும் ஒன்று. அன்று கோயிலில் விழித்திருந்தால் சாமம் எவ்வளவு நீளம் என்பது உடம்புக்கே தெரியும். முதல் சாமம் சட்டென்று ஓடிவிடும். மூன்றாம் சாமம் நகரவே நகராது. சின்ன வயசில் ஆச்சியோடு போவேன், மூன்றாம் சாமத்தில் தூணில் சாய்ந்து தூங்கிவிடுவேன். "எந்திரி, இன்னும் ஒரு சாமந்தான்"னு தண்ணியைத் தொட்டு என் கண்ணில் வைப்பாள்.

---

இரவுப் பணி எழுதியது:

இதை எழுதும்போது மணி 2:10. வார்டு அமைதியாக இருக்கிறது. நான் பிரசவ வார்டில் செவிலியர்.

நேரத்தைவிடக் கிழமைதான் எங்களுக்கு வருகிற வழக்கு. செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்றே முக்காலுக்குக் குழந்தை பிறந்தால் பதிவேட்டில் புதன்கிழமை. இருபத்துநாலு மணிக் கணக்கில் தேதி பன்னிரண்டுக்கே மாறிவிட்டது. பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்துக்குத்தான் மாறும். அந்தக் குடும்பத்துக்கு அது செவ்வாய்க்கிழமை சாமம். போன மாசம் ஒரு ஆச்சி பேப்பரைப் பார்த்துவிட்டு, "புதன்னு எழுதிட்டியேம்மா, இன்னும் விடியலியே" என்றார்கள். கோபமில்லை, உண்மையான குழப்பம். ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்கள். வெளியே இருட்டு.

ஜாதகம் எழுதுகிறவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சின்னக் காகிதத்தில் தனியாக எழுதிக் கொடுக்கிறேன்: "செவ்வாய் இரவு, விடிந்தால் புதன், மணி 1:45". இது பதிவேடு ஆகாது, ஆனால் வீட்டில் எல்லாருக்கும் புரிகிறது. அந்த ஆச்சி அதை மடித்துச் சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

---

தாழையூத்து எழுதியது:

அக்கா சொன்ன இந்தக் கிழமைச் சிக்கலில் எங்கள் வீட்டில் ஒரு பெரிய வருத்தமே நடந்தது. சித்தப்பா மகளுக்குச் சென்னையில் நிச்சயம். ரயில் டிக்கெட்டில் வெள்ளிக்கிழமை தேதி, நேரம் 00:25. சித்தப்பாவும் சித்தியும் வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு, பலகாரச் சட்டியோடு ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி முந்தின ராத்திரியே போய்விட்டது. அவர்கள் மனசில் அது வெள்ளிக்கிழமை சாமத்து வண்டி. டிக்கெட்டின் கணக்கில் அது வியாழக்கிழமை சாமத்து வண்டி. சனிக்கிழமை காலையில் நிச்சயம், பெண்ணைப் பெற்றவர்கள் இல்லாமல் மாமாதான் தட்டு மாற்றினார். சித்தப்பா அதை இன்னும் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவார்.

அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் நடுராத்திரி தாண்டின டிக்கெட் யார் எடுத்தாலும், பேனாவால் அதன் மேலேயே எழுதிவிடுவேன்: "வியாழன் ராத்திரிச் சோறு சாப்பிட்டதும் கிளம்பணும்." ராதாபுரம் அண்ணாச்சி சொன்ன கொடை நோட்டீசைப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை சாமக்கொடை என்றால் ஒரு ஆள்கூடத் தப்பாகத் திங்கட்கிழமை ராத்திரி வந்து நிற்க மாட்டான். மணியை மட்டும் போட்டிருந்தால் பாதிப் பேர் குழம்பியிருப்பார்கள்.

---

மருதூர் கீழக்கால் எழுதியது:

அதேதான். சாமம் எப்போதும் முந்தின பகலோடு ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு உழைத்த உழைப்பின் மிச்சம் அது. கருக்கல்தான் அடுத்த நாளுக்குச் சொந்தம். விடியக்கருக்கலில் எழுந்துவிட்டால் "இன்னைக்கு" என்று பேசுவோம். சாமத்தில் முழித்துக் கிடந்தால் "நாளைக்கு" என்றுதான் பேசுவோம். ரெண்டு மணிக்கு ஒருத்தன் "நாளைக்கு வயலுக்குப் போகணும்" என்கிறான், நாலு மணிக்கு எழுந்தவன் "இன்னைக்குப் போகணும்" என்கிறான். நாள் அந்த ரெண்டு மணி நேரத்துக்குள் எங்கேயோ மாறிவிடுகிறது.

---

உடன்குடி எழுதியது:

பனையேறுகிற வீட்டில் பிறந்தவள் நான். அண்ணாச்சி சொன்ன, நாள் மாறுகிற அந்தக் கோடு எங்கள் வீட்டில் மூணரைக்கு விழும். சீசன் காலத்தில் அய்யா மூணரைக்கு எழுந்து பாளை சீவும் அரிவாளைத் தீட்டுவார். அம்மா கலயங்களுக்குச் சுண்ணாம்பு எடுத்துவைப்பாள். பக்கத்து வீட்டுக்குச் சாமம், எங்கள் வீட்டுக்கு விடியக்காலம். ரெண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு ஓலை வேலிதான். மணி ஒன்றுதான், ஆள் முழிச்சிருக்கிறாரா என்பதைப் பொறுத்து பேர் மாறுகிறது.

எனக்கும் ஒரு கேள்வி. "ஏமஞ்சாமம் பாக்காம சுத்துதான்" என்று அம்மா சொல்லுவாள். அந்த ஏமம் என்ன?

---

பாளை தமிழாசிரியை எழுதியது:

ஏமம் என்றால் காவல், பாதுகாப்பு என்று பழைய பொருள் உண்டு. ராக்காவலோடு சேர்த்து அப்படி வந்தது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு இன்னொன்றுதான் பொருத்தமாகப் படுகிறது. யாமமே ஏமம் என்றும் வாயில் திரிந்திருக்கிறது. அப்படியானால் ஏமஞ்சாமம் என்பது ஒரே சொல் இரண்டு உருவத்தில் சேர்ந்து நிற்பது. தோட்டந்துரவு என்கிறோம், துரவு என்றால் கிணறு என்பது பேசுகிறவர்களில் பலருக்குத் தெரியாது, ஆனால் அதை விட்டுவிட்டால் சொல் மொட்டையாகிவிடும். ஏமமும் அந்த மாதிரிச் சாமத்தின் கையைப் பிடித்துக்கொண்டே வந்துவிட்டது. உங்கள் அம்மா வாயில் யாமம் இன்னும் இருக்கிறது, உடன்குடி.

---

உடன்குடி எழுதியது:

டீச்சர், இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அதுக்கு என்ன, ஒங்க ஆச்சி சொன்னா, நான் சொல்லுதேன்" என்றாள். எனக்குத்தான் கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

---

அம்பைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இந்த வாரம் ஊருக்கு வந்தாயிற்று, அம்மா சொன்னபடி ஆறு மணி பஸ்சில்தான் இறங்கினேன். திண்ணையில் உட்கார்ந்து அம்மாவிடமே கேட்டுவிட்டேன், சாமம் எப்போது தொடங்கும் என்று. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "பாவநாசத்துக்குப் போற கடேசி பஸ்ஸு போன பெறவு சாமம். பால்க்காரன் மணி கேட்டா விடியக்காலம்."

மகள் குறுக்கே புகுந்தாள். "பஸ் வராத அன்னைக்கு?"

அம்மா கீரையை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அன்னைக்கு நாந்தான் முழிச்சுக்கிட்டு இருப்பனே, ஒங்க அப்பா எப்ப வருவான்னு."

ராத்திரி மகளை வயல்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். இங்கே ஆறும் தெரிந்தது. இன்னும் உச்சிக்கு வரவில்லை, வருகிற வரைக்கும் இருப்போம் என்று ஒரே அடம். வரப்பில் துண்டை விரித்து உட்கார்ந்தோம்.